வெஸ்ட்ரூப் குடும்பத்துக் கல்

செயிண்ட் லூட்கர், ஓஹையோ
16 ஆகஸ்ட் 1983, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ரோமனுக்கு அம்மா எழுதுவது.

நானும் என் முட்டிவலியும் இங்கே ஒற்றுமையாகத்தான் இருக்கிறோம், அங்கே நீயும் உன் அலாஸ்காக் குளிரும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி போடு. போன கடிதத்தில் ஆகஸ்டிலேயே கம்பளிச் சட்டை எடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய், படித்ததும் பொறாமையாக இருந்தது, இங்கே ஆறு வாரமாக ஒரு பொட்டு மழை இல்லை, சோளம் இலை சுருண்டு நிற்கிறது, குத்தகைக்காரர் காலையும் மாலையும் வந்து வானத்தைப் பார்த்துவிட்டு ஏதோ நான் மழையைப் பதுக்கி வைத்திருப்பது மாதிரி என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார். வடக்குக் கொட்டகைக்குக் கூரை மாற்றியாயிற்று. பங்குச் சாமியாருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது, இப்போது பூசையில் யார் தூங்குகிறார்கள் என்று நன்றாகத் தெரிகிறதாம். நீ இன்னும் டப்பாவைத் திறந்து அப்படியே தின்று கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், முப்பத்து நாலு வயது ஆகிறது, ஒரு பாத்திரத்தில் கொட்டிச் சூடாவது பண்ணு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வெஸ்ட்ரூப் குடும்பக் கூட்டம் நடந்தது. எப்படி நடந்தது என்று நீ கேட்கப் போவதில்லை, ஆனாலும் சொல்லப் போகிறேன், ஏனென்றால் ரெண்டு நாளாகச் சோறு தண்ணி இறங்கவில்லை, அப்படிக் குமட்டுகிறது. நம் ஆட்கள் ஜெர்மனியிலிருந்து இந்த நாட்டுக்கு வர ஆரம்பித்து முந்நூறு வருஷம் ஆயிற்று என்று இந்த வருஷம் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கூட்டம், ஒரு கல், ஒரு புத்தகம் என்று அலைகிறது. உன் சித்தப்பா அர்பன் சும்மா இருப்பாரா. டிராக்டர் விற்ற வாய் அது. மூன்று வருஷத்துக்கு முன்பே குடும்பச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்துத் தானே தலைவரும் ஆகிவிட்டார். தபாலில் ஒரு கம்பெனிக்கு எழுதிப் போட்டு, வெஸ்ட்ரூப் வம்சத்துக்கு ஒரு சின்னம் வரவழைத்தார், கோதுமைக் கதிரைப் பிடித்துக்கொண்டு ஒரு சிங்கம் நிற்கிறது. இங்கே முதலில் வந்து இறங்கிய கெர்ஹார்ட் கிழவர் கையெழுத்துப் போடத் தெரியாமல் சிலுவைக்குறி போட்ட மனிதர், அவருக்குச் சிங்கமாம். அந்தச் சிங்கம் சட்டையில், பீர்க் குவளையில், கடைசியில் வாய் துடைக்கிற காகிதத்தில்கூட வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேர் தொத்திறைச்சி தின்றுவிட்டு அந்தச் சிங்கத்தின் முகத்தில் வாய் துடைத்ததைப் பார்த்தேன், சின்னத்துக்குக் கிடைத்த சரியான மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் அவர் ஜெர்மனிக்கே போய் வந்தது உனக்குத் தெரியும். வெஸ்ட்ஃபாலியாவில் வெஸ்ட்ரூப் என்று ஒரு பண்ணை இன்னும் இருக்கிறது. அங்கே போய் வாசலில் நின்று பெயரைச் சொன்னாராம், பண்ணைக்காரர் நானும் வெஸ்ட்ரூப்தான் என்றாராம், உடனே ரெண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்களாம், ரத்தம் ரத்தத்தை அடையாளம் கண்டுகொண்டது என்று பங்கு மண்டபத்தில் படம் போட்டுக் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வயலிலிருந்து ஒரு காப்பித் தகர டப்பா நிறைய மண் வேறு கொண்டுவந்தார், கல் நடும்போது அடியில் போடுவதற்கு. எல்லாம் சரி, கெர்ஹார்ட் கிழவரின் அப்பா யார் என்று மட்டும் அவருக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. அங்கத்தி ஞானஸ்நானப் புத்தகங்களின் படச்சுருளை வரவழைத்து வெஸ்ட்ரூப் வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் தேடியும் கெர்ஹார்ட் அகப்படவில்லை. அப்போதுதான் என் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் கன்னியர் மடத்துச் சிஸ்டர்கள் என்னை அடித்து அடித்து அந்தப் பழைய ஜெர்மன் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள் இல்லையா, அதனால் அண்ணி நீங்கதான் பாக்கணும் என்று வந்து நின்றார். நானும் போன குளிர்காலம் முழுக்க நூலகத்து நிலவறையில் உட்கார்ந்து அந்தச் சுருளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். உன் அப்பா போன பிறகு வீட்டில் சுவர்களைப் பார்ப்பதற்கு அது பரவாயில்லை.

கெர்ஹார்ட் அகப்பட்டார். ஞானஸ்நானத்தில் இல்லை, கல்யாணப் புத்தகத்தில். 1838-ஆம் வருஷம், மணமகன் கெர்ஹார்ட் டெப்பே, கூலியாளின் மகன், மணமகள் வெஸ்ட்ரூப் பண்ணையின் விதவை கதரீனா, இன்று முதல் மணமகன் வெஸ்ட்ரூப் என்று அழைக்கப்படுவார் என்று சாமியார் ஓரத்தில் எழுதியிருக்கிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த ஊர்ச் சாமியாருக்குக் கடிதம் போட்டேன், நாலே வரியில் பதில் வந்தது. எங்கள் பக்கம் பெயர் மனிதனுக்குச் சொந்தமில்லை, பண்ணைக்குச் சொந்தம், பண்ணைக்குள் கல்யாணம் பண்ணிக்கொண்டு வருகிறவன் தன் பெயரை விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வான், இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார். இப்போது இருக்கிற பண்ணைக்காரரின் தாத்தாவும் அப்படி வந்தவர்தானாம். ஆக, உன் சித்தப்பா கட்டிப்பிடித்து அழுத அந்த மனிதருக்கும் வெஸ்ட்ரூப் ரத்தம் கிடையாது, அழுத இவருக்கும் கிடையாது. அன்றைக்கு நூலகத்தில் நான் தனியாக உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் கண்காணிப்பாளர் வந்து எட்டிப் பார்த்தார். சிரிப்பு அதோடு முடிந்துவிட்டது, மேலே படித்ததும்.

அந்த விதவைக்கு முதல் புருஷன் மூலம் ஒரு பையன் இருந்தான், பெரெண்ட், நாலு வயது. அவன்தான் நிஜமான வெஸ்ட்ரூப். பண்ணை அவனுடையது, அவன் பெரியவனாகும்வரை பார்த்துக்கொள்வதற்குத்தான் கெர்ஹார்ட். அந்த ஊர்ச் சட்டமும் அதுதான், வழக்கமும் அதுதான். இவர் என்ன செய்தார், ஏழு வருஷம் இருந்துவிட்டுப் பண்ணையைக் கைமாற்றிக் கிடைத்ததை மூட்டை கட்டிக்கொண்டு பெண்டாட்டியையும் பையனையும் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார். இங்கே வந்த முதல் கோடையில் கதரீனா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஆறு மாதத்தில் இவருக்கு இரண்டாம் கல்யாணம். உன் அப்பா, அர்பன், சிங்கச் சட்டை போட்ட அந்த முந்நூறு பேர், எல்லாரும் இரண்டாவது மனைவியின் வழி. ஒருத்தர் உடம்பிலும் ஒரு சொட்டு வெஸ்ட்ரூப் ரத்தம் இல்லை. சரி, பையன் என்ன ஆனான் என்று நம் கோவில் புத்தகத்தில் பார்த்தேன். 1847-இல் முதல் நற்கருணை வாங்கியவர்களின் பட்டியலில் இருக்கிறான், பெரெண்ட் டெப்பே, வெஸ்ட்ரூப் வீட்டு வேலைக்காரன் என்று. புரிகிறதா உனக்கு. தான் கழற்றிப் போட்ட பழைய பெயரை அந்தக் குழந்தைக்கு மாட்டிவிட்டு அவன் பெயரைத் தான் வைத்துக்கொண்டார். வெஸ்ட்ரூப் என்ற பெயரோடு அவன் வளர்ந்தால் நாளைக்கு இந்த நிலத்தில் என் பங்கு எங்கே என்று கேட்பான் இல்லையா. பதிமூன்று வயதுப் பிள்ளை, தாயில்லாதது, அவனுடைய பண்ணையை விற்று வாங்கிய நிலத்திலேயே பன்றிக்குத் தீனி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஒருவேளை வேறு பெரெண்டாக இருக்கலாம் என்று ஒரு நப்பாசை. கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வடக்கு வேலி ஓரம் தேடினேன், பெரெண்ட் டெப்பே, பிறந்தது 1834 மார்ச் 3 என்று ஊர்ப் பெயரோடு கல் இருக்கிறது. அங்கத்தி ஞானஸ்நானப் புத்தகத்திலும் அதே ஊர், அதே நாள்.

அந்தப் பெரெண்டின் கொள்ளுப்பேரன்தான் லாம்பர்ட் டெப்பே. நம் பங்குக் கோவிலின் கல்லறைக் குழிவெட்டி, ஊர்க் கழிவுத்தொட்டியெல்லாம் சுத்தம் செய்கிறவர், லிட்வினாவின் அப்பா. நீ கட்டிக்கொள்கிறேன் என்று நின்ற லிட்வினாவின் அப்பா. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் இதில் பாதி சொல்லிப் பாதி விழுங்க முடியாது. லிட்வினா நன்றாக இருக்கிறாள், பால் வண்டி ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊரில் மூன்று பிள்ளைகளோடு இருக்கிறாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் மாதம் எல்லாத் தாளையும் எடுத்துக்கொண்டு அர்பனிடம் போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகத்தான் படித்தார். நம்பவில்லை என்றுகூடச் சொல்லவில்லை, நம்பினார், அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. படித்து முடித்து மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, ஆராய்ச்சியெல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணி, ஆனா கல்லு வெட்டியாச்சே என்றார். புத்தகத்தில் பூர்வீகம் காலத்தில் மறைந்துவிட்டது என்று ஒரு வரி போட்டுவிடலாமாம், அழகாக இருக்குமாம், கீழே ஆராய்ந்து எழுதியவர் அல்வினா வெஸ்ட்ரூப் என்று என் பெயரைப் பெரிய எழுத்தில் போடுவாராம். டெப்பே குடும்பத்தையாவது கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள் என்றேன். கழிவுத்தொட்டி வாடையோட நம்ம மேசைல வந்து உக்காரவா என்று சிரித்தார். அப்புறம் தெரிந்தது, கல்லுக்கு அஸ்திவாரக் குழி வெட்டவும் கல்லை நிமிர்த்தவும் லாம்பர்ட்டுக்குத்தான் ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறார்.

சரி, ஞாயிற்றுக்கிழமை. கூடாரத்துக்குள் அடுப்பு மாதிரிச் சூடு, புளித்த முட்டைக்கோஸ் வாடை, பீர் வாடை, வியர்வை வாடை, போல்கா வாத்தியக்காரர்கள் காதுக்குள் ஊதுகிறார்கள். லாம்பர்ட் விடியற்காலையிலேயே வந்து குழி வெட்டி, தன் வண்டியில் கட்டியிருந்த சங்கிலியால் கல்லைத் தூக்கி நிறுத்தியிருந்தார். அவருக்கு ஒரு தட்டில் கோழியும் உருளைக்கிழங்கும் வைத்து வண்டிக்குப் பின்னாலேயே அனுப்பினார்கள், மேசைக்குக் கூப்பிடவில்லை. மூன்று மணிக்குத் திரை விலக்கினார்கள். மூன்றாள் அகலக் கல், மேலே சிங்கம், நடுவில் கெர்ஹார்ட் வெஸ்ட்ரூப், நேர்மையின் வேர் என்று செதுக்கியிருக்கிறது. பிறகு ஒலிபெருக்கியை என் கையில் கொடுத்து அண்ணி இப்போது வம்சாவளி வாசிப்பார் என்றார் அர்பன். காலத்தில் மறைந்துவிட்டது என்று வாசிப்பேன் என நினைத்துவிட்டார். நான் கல்யாணப் புத்தகத்தை வாசித்தேன், ஓரத்தில் எழுதியிருந்ததையும் வாசித்தேன், பையன் பெயரையும், அவன் பிறந்த நாளையும், வேலைக்காரன் என்று எழுதியிருந்ததையும், வடக்கு வேலியோரத்துக் கல்லையும் வாசித்தேன். இந்த மண்ணுக்கும் இந்தப் பெயருக்கும் உரியவர்கள் யாரோ அவர்கள் இன்றைக்கு வண்டிக்குப் பின்னால் தட்டு வைத்துத் தின்கிறார்கள் என்று முடித்தேன்.

பூமி பிளந்துவிடும் என்று எதிர்பார்த்தேன் போல. ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் அர்பன் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு அண்ணிக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, இனிப்பு மேசை திறந்தாயிற்று என்றார், வாத்தியம் ஊதத் தொடங்கியது, முந்நூறு பேரும் தட்டைத் தூக்கிக்கொண்டு செர்ரிப் பழப் பலகாரத்துக்கு வரிசை கட்டிவிட்டார்கள். ஒருத்தி என்னிடம் வந்து, அப்போ சட்டையைத் திருப்பிக் குடுத்தா எடுத்துப்பாங்களா என்று நிஜமாகவே கேட்டாள். இன்னொருவர் பக்கத்தில் இருந்தவரை டெப்பே, டெப்பே என்று கூப்பிட்டுக் குலுங்கிச் சிரித்தார், அதில் அந்தப் பெயர் ஒரு வசவு மாதிரி இருந்தது. நேற்று மாதா விண்ணேற்புத் திருநாள், இதே ஆட்கள் எல்லாரும் குளித்து, சீவி, கை குவித்து நற்கருணை வாங்கினார்கள். எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கவே சகிக்கவில்லை. நான் நற்கருணை வாங்க எழுந்து போகவில்லை, கோவில் பலகையிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர்களை வெறுத்து அல்ல. காரணம் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் பலகாரம் தின்றுகொண்டிருக்கும்போது நான் லாம்பர்ட்டைத் தேடிப் போனேன். பலகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்கிறேன் ரோமன், நன்றி சொல்வார் என்று நினைத்துத்தான் போனேன். ஊரில் ஒருத்திக்காவது முதுகெலும்பு இருக்கிறது என்று சொல்வார், கண்கூடக் கலங்குவார் என்று நினைத்தேன். அவர் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "யாரைக் கேட்டும்மா வாசிச்சீங்க?" என்றார். உங்களுக்குச் சேர வேண்டியது என்று ஏதோ சொன்னேன். எங்களுக்குத் தெரியாததையா நீங்க வாசிச்சிட்டீங்க என்றார். பெரெண்ட் தன் பிள்ளைக்குச் சொன்னாராம், அவர் தன் பிள்ளைக்கு, அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு கோவிலில் உறுதிபூசுதல் சடங்கு ஆனதும் வடக்கு வேலிக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிவிடுவார்களாம், சொல்லிவிட்டு இதை வெளியே பேசாதே என்பார்களாம். லிட்வினாவுக்கும் பதிமூன்று வயதிலிருந்தே தெரியுமாம். பிறகுதான் என்னை நேராகப் பார்த்தார்.

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க எங்க வாசப்படில நின்னு, வெஸ்ட்ரூப் பேருக்குப் பக்கத்துல டெப்பே பேர் வந்தா நல்லாருக்காதுன்னு சொன்னீங்களே, அன்னிக்கும் தெரியும்."

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டேன்.

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்க. அதான் சொல்லல. பேரப் பாத்துப் பொண்ணெடுக்கிற வீட்ல என் பொண்ணு என்னத்த வாழும்?"

அவ்வளவுதான். சங்கிலியைச் சுருட்டி வண்டியில் போட்டார், கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். கோபமாகக்கூடப் போகவில்லை. வேலை முடிந்தால் போகிற மாதிரிப் போனார்.

ஆமாம் ரோமன். வாசப்படியில் நின்றது நான். உன் அப்பா இல்லை. அவருக்கு லிட்வினாவைப் பிடிக்கும், நல்லா உழைக்கிற பொண்ணு, கட்டிட்டுப் போகட்டுமே என்றுதான் சொன்னார். நான்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கையுறை மாட்டிக்கொண்டு தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். அந்தப் பெயரில் நான் பிறக்கக்கூட இல்லை, கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்து ஏறிக்கொண்டவள், கெர்ஹார்ட் மாதிரியே. உன் வீட்டிலிருந்து வந்து சொல்லிவிட்டார்கள் என்று மட்டும்தான் லிட்வினா உன்னிடம் சொல்லியிருக்கிறாள், யார் என்று சொல்லவில்லை, அந்தப் பெண்ணுக்கு இருந்த கண்ணியம் அது. நீ சமையலறைக்கு வந்து உன் அப்பாவைப் பார்த்துக் கத்தினாய். அவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தேன், திரும்பவில்லை. அவர் புரிந்துகொண்டார். ஆமா, நாந்தான், இப்ப என்னங்கற என்று உன்னிடம் சொன்னார். அன்று ராத்திரியே நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் எனக்கு மட்டும் கடிதம் எழுதினாய். அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி இருக்காது. தபால்காரர் வந்தால் அவர் கொட்டகையிலிருந்து மெதுவாக வருவார், நான் வாசித்துக் காட்டுவேன், முடிந்ததும் வேற ஒன்னும் எழுதலியா என்பார், இல்லை என்பேன், போய்விடுவார். ஒரு நாள்கூட என்னைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிவிடுங்கள் என்று நானும் சொல்லவில்லை. உன் கடிதம் எனக்கு வந்துகொண்டிருந்தது, அது நின்றுவிடும் என்று பயந்தேன், அதற்காக அந்த மனிதரை அப்படியே விட்டுவிட்டேன். நீ வந்து சேர்ந்தபோது அவரைப் பெட்டியில் வைத்தாயிற்று. அப்போதும் உன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேனே ஒழிய வாயைத் திறக்கவில்லை. அந்தக் கிழவர் கெர்ஹார்ட் செய்ததை ஒலிபெருக்கியில் வாசித்து முந்நூறு பேரை வெட்கப்படச் சொன்ன எனக்கு, நூற்று முப்பத்தாறு வருஷத்துப் பாவம் கண்ணுக்குத் தெரிந்தது, பன்னிரண்டு வருஷத்துப் பாவம் தெரியவில்லை. அர்பனைப் பார்த்து வந்த குமட்டலைவிட இது மோசமாக இருக்கிறது, இதைத் துப்பிவிடவும் முடியவில்லை.

உன் அப்பாவிடம் நீ பேசாமல் இருந்தாயே எட்டு வருஷம், அது எனக்குச் சேர வேண்டியது. அவர் வாங்கிக்கொண்டார். இப்போது அதை எனக்குக் கொடுக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் கொடு, நான் ஏன் என்று கேட்கமாட்டேன், மாதத்துக்கு ஒரு கடிதம் நான் போட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

ஆண்டவர் உன்னைப் பனியிலும் பறக்கிற இடத்திலும் காப்பாற்றட்டும், மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும். விமான என்ஜினுக்குப் பக்கத்தில் வேலை செய்யும்போது காதுக்கு மூடி போட்டுக்கொள், மறந்துவிடாதே.

உன் அம்மா,
அல்வினா